செய்தி வாசிக்கிற குரல்

வற்றல் மிளகாயின் நெடியிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தப்ப முடியாது. முன்பக்கம் முழுக்க அப்பாவின் மண்டி, அதன் பின்னால் நாங்கள் புழங்கிய அறைகள், மேலே மரத்தட்டு போட்ட மாடி என்று, திருவனந்தபுரம் ஆரியசாலையின் பழைய வீடுகளெல்லாம் இருந்ததைப் போலத்தான் எங்கள் வீடும் இருந்தது. மூட்டை பிரிக்கிற நாட்களில் நெடி படியேறி மாடி வரைக்கும் போகும். அம்மா தும்முவாள், நான் தும்முவேன், மூட்டை தூக்கும் "சுமட்டுக்காரர்கள்" ஒருவர் மாற்றி ஒருவராகத் தும்முவார்கள். மாடியில் குடியிருந்த மனிதர் மட்டும் சத்தமே இல்லாமல் தும்முவார். இரண்டு கைகளாலும் துண்டை முகத்தில் அழுத்திக்கொள்வார். தோள்கள் ஒருமுறை குலுங்கும். துண்டை எடுக்கும்போது கண்கள் சிவந்து நீர் வழிய எங்களைப் பார்த்துச் சிரிப்பார். தும்மலுக்குக்கூட ஒரு குரல் உண்டு என்றும், அதைக் கேட்டுத் தன்னை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்றும் ஒரு மனிதர் பயந்துகொண்டு வாழ முடியும் என்பது ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அன்று விளங்கவில்லை.

அவரை இஸ்மாயில் என்று வைத்துக்கொள்கிறேன். அவருடைய உண்மையான பெயரையும் நாட்டின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு சின்ன நாடு, அவ்வளவு போதும். எங்கள் மண்டியிலிருந்து மிளகாயும் மல்லியும் தூத்துக்குடி வழியாக அந்த நாட்டுக்குத் தோணியில் போய்க்கொண்டிருந்தன. அங்கே சரக்கு எடுத்துக்கொண்டிருந்த வியாபாரி ஒருவர், தனக்கு வேண்டிய ஒரு குடும்பத்தைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆள் மூலம் கேட்டனுப்ப, அப்பா யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டார். சைவச் சாப்பாட்டு வீடான எங்கள் வீட்டில் அம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "மீன் மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க. மத்தபடி அவுக பாடு."

அவர்கள் வந்து இறங்கிய அன்று அப்பா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

"கோமதி, மாடியில வந்திருக்கிற மாமா பேச மாட்டாரு. யாரு கேட்டாலும் ஊமைன்னுதான் சொல்லணும், கேட்டியா?"

"நெசமாவே ஊமையாப்பா?"

"அது உனக்கு எதுக்கு? கேட்டா ஊமை. அம்புட்டுத்தான்."

ஆனால் அவர் ஊமை இல்லை என்பது அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. லாரியில் சரக்கு ஏற்றும் இரைச்சல் தெருவை நிறைக்கும் நேரத்தில் மாடிப் பலகைகளின் வழியாக ஒரு குரல் இறங்கி வந்தது. கனத்த குரல், ஆனால் முரட்டுத்தனம் துளியும் இல்லாதது. ஒவ்வொரு சொல்லும் முழுதாக, அவசரமில்லாமல், ஓரம் உடையாமல் வந்து விழுந்தது. ஒரு சொல்கூடப் புரியாமல் அதை நான் படிக்கட்டின் அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவும் அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் குரலைத் தெரியாதவர்கள் அவர் நாட்டில் யாருமே கிடையாது என்று அவர் மகள் ஹவ்வாதான் பிறகு எனக்குச் சொன்னாள். வானொலியில் மாலைச் செய்தி வாசித்தவர் அவர். முடிவெட்டும் கடையிலும் மீன்பிடி வள்ளத்திலும் கல்யாண வீட்டிலும் அந்த நேரத்துக்கு எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைக் கேட்பார்களாம். அரசாங்கம் எழுதிக் கொடுப்பதை வாசிப்பதுதான் வேலை, வருஷக்கணக்காக அதைத்தான் செய்தார். ஒருநாள் மாலை, அவருடன் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கடலில் தவறி விழுந்து இறந்துவிட்டதாக ஒரு செய்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். அந்த வாத்தியாரைச் சிறைக்குக் கொண்டுபோனதை இஸ்மாயில் கண்ணால் பார்த்திருந்தார். செய்தியைப் பாதி வாசித்துவிட்டு நிறுத்தி, "இது பொய், அவனை அடித்துக் கொன்றுவிட்டார்கள்" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சரக்குத் தோணியின் அடித்தட்டில் ஏறிக்கொண்டார்.

தப்பி வந்தாயிற்று என்று நாங்கள் நினைத்தோம். அவர் அப்படி நினைக்கவில்லை. அந்த நாட்டில் பெரிய வியாதி வந்தவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரத்துக்குத்தான் வருவார்கள். ஆஸ்பத்திரிகளைச் சுற்றியிருந்த லாட்ஜுகளில் எப்போதும் அவர்களுடைய குடும்பங்கள் தங்கியிருக்கும். சாலைக் கடைத்தெருவில் துணி வாங்கிக்கொண்டும் பழக்கடையில் விலை பேசிக்கொண்டும் அவர்களைப் பார்க்கலாம். இஸ்மாயிலின் முகம் அவர்களுக்குத் தெரியாது. வானொலிக்காரரின் முகத்தை யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் வாயைத் திறந்து ஒரு கட்டிச் சோப்பு வேண்டும் என்று கேட்டால் போதும், அடுத்த கடையில் நிற்பவன் திரும்பிப் பார்த்துவிடுவான். அப்படித் திரும்பிப் பார்ப்பவர்களில் யாரோ ஒருவன் அரசாங்கத்தின் ஆளாக இருப்பான். "ஆஸ்பத்திரிக்கு வாரவன் எல்லாம் நோயாளி இல்லட்டி" என்று அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். வேறொரு நாட்டுக்குத் தப்பிப் போயிருந்த இஸ்மாயிலின் நண்பர் ஒருவர் காலையில் பால் வாங்கப் போனவர் வீடு திரும்பவே இல்லையாம்.

ஆகவே தெருவில் அவர் ஊமை. ஹவ்வா அவருக்கு நாக்கு. கடையில் அவர் விரலால் காட்டுவார், அவள் பேசுவாள். என் பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்த அவள், மலையாளத்தை வகுப்பிலும் தமிழை எங்கள் அடுக்களையிலும் படித்தாள். சில மாதங்களிலேயே என்னை "ஏட்டி கோமு" என்று கூப்பிடும் அளவுக்கு எங்கள் வீட்டுத் தமிழ் அவளுக்குப் படிந்துவிட்டது. அவள் அப்பாவும் தமிழ் படித்தார். மத்தியானம் கடை அடைத்த பிறகு பின்கட்டுக்கு வந்து, அம்மா பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அதே சொற்களை மெல்லிய குரலில் திருப்பிச் சொல்வார். ரசம் நன்றாக இருக்கிறது என்பதற்கு, "அக்கா, ரசம் கொள்ளாம்" என்று அவர் சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். பாதி தமிழ், பாதி மலையாளம். இந்த ஊரில் எங்கள் எல்லோருடைய தமிழும் அப்படித்தான் என்பதால் அவரை யாரும் திருத்தவில்லை. ஹவ்வாவின் அம்மா மட்டும் மூன்றில் எந்த மொழியிலும் அதிகம் பேசவில்லை. மாலையானால் சின்ன டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கடல் தாண்டித் தேய்ந்து வரும் தன் ஊர் வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது வேறொருவர் வாசிக்கும் செய்தியைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவாள்.

இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. அதற்குப் பின் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு நானும் ஹவ்வாவும் வந்துகொண்டிருந்தோம். எங்கள் கடைக்கு முன்னால் மூட்டை இறக்கிவிட்டு லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஹவ்வா தெருவின் நடுவில் விழுந்த ஏதோ ஒன்றை எடுக்கக் குனிந்தாள். டிரைவருக்கு அவள் தெரியவில்லை. மாடி ஜன்னலில் நின்றிருந்த அவள் அப்பா அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? தெரு முழுக்க அது ஒன்றுதான் இருந்தது. லாரி நின்றது, தூக்கிய மூட்டையோடு சுமட்டுக்காரர்கள் நின்றார்கள், எதிர்க் கடையில் தராசு நின்றது. ஹவ்வா லாரியின் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மேலே பார்த்தேன். அவர் தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

முதலில் வாய் திறந்தவர் சுமட்டுக்காரர்களில் மூத்தவரான தங்கப்பன் அண்ணன். "ஊமை மிண்டியல்லோ" என்றார் மெதுவாக. ஊமை பேசிவிட்டது.

அவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். ஊமையாகப் பிறந்தவன் பெற்ற பிள்ளைக்கு ஆபத்து என்றதும் பேசிவிட்டான் என்று மனசார நம்பினார்கள், சந்தோஷப்பட்டார்கள். பீமாபள்ளி தர்காவில் அவர் மனைவி நேர்ந்துகொண்டிருப்பாள் என்று ஒருவர் சொல்ல, மறுநாளைக்குள் நேர்ந்துகொண்டதை நேரில் பார்த்தவர்கள்கூட வந்துவிட்டார்கள். பூக்கடையிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக்கும், ஆட்டோக்காரர்களிடமிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கும் அந்தக் கதை போயிற்று. வியாதியோடு வந்து கிடப்பவர்களுக்கு அற்புதக் கதையைவிட வேறு என்ன வேண்டும்? இஸ்மாயில் மறுபடியும் ஊமையாகிப் பார்த்தார். தெருவில் யாராவது நிறுத்திப் பேசச் சொன்னால் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை அசைப்பார். வந்த குரல் போய்விட்டதே என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். கதை மட்டும் நிற்கவில்லை.

அதிக நாள் ஆகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு கண்ணில் ஆஸ்பத்திரிக் கட்டுடன், மரியாதையான ஓர் ஆள் கடைக்கு வந்தார். சனிக்கிழமையானதால் நான் கல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மிளகாயை எடுத்து உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டுத்தடுமாறும் மலையாளத்தில் அவர் கேட்டார்.

"இவிடெ ஒரு ஊமைக்கு சம்சாரம் கிட்டி என்னு கேட்டு."

இங்கே ஓர் ஊமைக்குப் பேச்சு வந்ததாமே என்கிறார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. தமிழில் அது பெண்டாட்டி. இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடாக இருந்த அப்பா, ஒரு கணம் அந்த ஆளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஊமைக்குச் சம்சாரம் கிடைச்சுதா? எங்க? யாரு பொண்ணு குடுத்தா? ஏய் தங்கப்பா, உனக்குத் தெரியுமாடே?"

தங்கப்பன் அண்ணனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "எனிக்கு அறிஞ்ஞுகூடா அண்ணாச்சி" என்று, தனக்குத் தெரியாது என்பதாகச் சொல்லி, அவரும் சிரித்தார். கடையே சிரித்தது. அந்த ஆளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டுப் போடாத கண்ணால் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மல்லி வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை அப்பா சிரித்த முகமாகவே இருந்தார். அதன் பிறகு கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கடையை அடை" என்று மட்டும் சொன்னார்.

பொன்முடி மலைக்குக் கீழே கல்லாறு என்ற ஊரில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஆற்றங்கரையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு இஸ்மாயிலை அனுப்பிவைத்தார்கள். ஹவ்வாவின் படிப்பு கெட வேண்டாம் என்று தாயும் மகளும் எங்களோடு தங்கினார்கள். மாடியில் இரைச்சல் நேரத்துக் குரல் நின்றுபோயிற்று. சாயங்காலங்களில் அம்மா தன்னை அறியாமல் பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாடகைக் காரில் என்னையும் ஹவ்வாவையும் கல்லாற்றுக்கு அழைத்துப்போனார். ஆற்றில் நல்ல தண்ணீர். பாறைகளுக்கு நடுவே அது போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. அதனால்தான் இஸ்மாயிலுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. எங்களைப் பெரிய பாறை ஒன்றின் மேல் உட்கார வைத்துவிட்டு, எதிரே நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தன் மொழியில் மாலைச் செய்தியை ஆரம்பித்தார். ஆற்றுக்கு மேலே எழும்பி வந்தது அந்தக் குரல். பிறகு எனக்காகத் தமிழிலும் வாசித்தார். "செய்திகள். குமாரி கோமதி அவர்கள் பாறையில் வழுக்கி விழுந்தார்கள். பாவாடை நனைந்தது. பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை." நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"மாமா, வீட்டுல பேசும்போது இப்படி வரலியே" என்று நான் கேட்டேன்.

அவர் குனிந்து என் காதருகில் வந்து சொன்னார். "இது வேற, மோளே. வீட்டுக்கு ஒண்ணு, செய்திக்கு ஒண்ணு. இந்தக் குரல்ல நான் எம்புட்டோ பொய் வாசிச்சிருக்கேன். பொய் வாசிக்கும்போதுதான் இது ரொம்ப நல்லா வரும்." சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹவ்வா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. அகதிகளை வேறு நாடுகளுக்கு அனுப்பும் அலுவலகத்துக்கு இஸ்மாயில் முன்பே விண்ணப்பம் போட்டிருந்தார். அங்கிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், டெல்லியிலிருந்து அதிகாரி வந்திருப்பதாகவும், தம்பானூரில் ஒரு லாட்ஜில் நேர்காணல் நடப்பதாகவும், முதலில் இஸ்மாயில் மட்டும் வந்தால் போதும் என்றும் சொன்னார். அப்பாவுக்கு உறுத்தியது. "ஆபீசு காரியத்தை லாட்ஜில வச்சு எதுக்குப் பண்ணணும்?" என்று கேட்டார். இந்த ஊரில் தங்களுக்கு அலுவலகம் இல்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். விண்ணப்பத்தில் இஸ்மாயில் எழுதியிருந்த விவரங்களையெல்லாம் அந்த ஆள் சரியாகச் சொன்னார். அதற்கு மேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கல்லாற்றிலிருந்து வந்து, முகம் மழித்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் புறப்பட்ட காலை எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. ஹவ்வாவின் அம்மா அன்றுதான் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். அவர் வாசலில் இறங்கி, நடுத்தெருவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "அக்கா, போயிட்டு வாரேன். இனிமே சத்தமாப் பேசலாம்" என்றார். சுமட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். தங்கப்பன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும், "பேசாமப் போயிட்டு வாரும்" என்று முணுமுணுத்தாள்.

அப்பா கூடவே போனார். நேர்காணலுக்கு வெளியாட்கள் வரக்கூடாது என்று லாட்ஜின் வரவேற்பறையில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அங்கேயே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல் மேலே ஏறிப் பார்த்தபோது அறை திறந்துகிடந்தது. மேஜையில் தேநீர்க் கோப்பைகள் இருந்தன. அறைக்கு அப்பால் சமையல்கட்டுக்கு இறங்கும் படியும், அதன் முடிவில் பின்தெருவுக்குத் திறக்கும் கதவும் இருந்தன. நீல நிற வேன் ஒன்று நின்றிருந்ததாகவும், உடம்பு முடியாத ஒருவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள் என்றும், ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்ததாகவும் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் சொன்னாளாம்.

போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்கள். "அண்ணாச்சி, அயாளு ஸ்வந்தம் நாட்டில் போயிக் காணும். நிங்ஙள் கடை நோக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் தன் நாட்டுக்குப் போயிருப்பார், நீங்கள் கடையைப் பாருங்கள். விழிஞ்ஞத்திலிருந்து ஒரு விசைப்படகு அன்று ராத்திரி தெற்கே போனது என்றார்கள் சிலர், இல்லை கொச்சியிலிருந்து விமானத்தில் கொண்டுபோனார்கள் என்றார்கள் வேறு சிலர். எது உண்மை என்று இன்று வரைக்கும் தெரியாது. "பின்வாசல் இருக்கான்னு பார்த்திருக்கணும்" என்று அப்பா சொல்ல ஆரம்பித்தது அன்றுதான். சாப்பிடும்போது, கோயிலுக்குப் போகும்போது, சம்பந்தமே இல்லாத பேச்சுக்கு நடுவில் அதைச் சொல்வார். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் அதன் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. என் கல்யாண மண்டபத்தைக்கூட அப்படித்தான் பார்த்தார்.

ஹவ்வா பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தவில்லை. ஆனால் யாராவது பின்னால் நடந்து வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று, அவர்கள் போன பிறகுதான் நடப்பாள். நானும் அவளோடு நிற்பேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை. விளக்கு வைத்திருந்த நேரம். மாடியிலிருந்து ஹவ்வாவின் அம்மா போட்ட சத்தத்தில் நானும் அம்மாவும் ஓடினோம். டிரான்சிஸ்டர் மேஜை மேல் இருந்தது. தாயும் மகளும் அதன் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். அதிலிருந்து அவர் குரல் வந்துகொண்டிருந்தது. அலையலையாகத் தேய்ந்தும் பெருகியும் வந்தாலும் அது அவருடையதுதான். ஒவ்வொரு சொல்லும் முழுதாக, அவசரமில்லாமல், ஓரம் உடையாமல். உயிரோடு இருக்கிறாரே என்று அம்மா கைகூப்பினாள்.

அவர் சொன்னதை ஹவ்வா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். தீயவர்கள் பேச்சைக் கேட்டு நாட்டுக்குத் துரோகம் செய்துவிட்டாராம். மனம் திருந்தித் தானாகவே திரும்பி வந்துவிட்டாராம். தலைவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டாராம். வெளிநாட்டில் கஷ்டப்படும் மனைவியும் மகளும் பயப்படாமல் வீட்டுக்கு வந்து சேர வேண்டுமாம்.

ஹவ்வாவின் அம்மா அப்போதே பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அவர் கூப்பிட்டுவிட்டார், போக வேண்டும், அவ்வளவுதான். அப்பா படியேறி வந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. அழுகையும் சிரிப்புமாக அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஹவ்வா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தன் மொழியில் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அவள் அம்மா கை நின்றது. ஹவ்வா எங்கள் பக்கம் திரும்பி, அதையே எங்கள் தமிழில் சொன்னாள். அழவில்லை.

"அத்தை, இது எங்க வாப்பா வீட்டுல பேசுத குரல் இல்ல. இது செய்தி வாசிக்கிற குரல்."

வானொலியில் ஏதோ வாத்திய இசை போட்டிருந்தார்கள். ஹவ்வாவின் அம்மா தரையில் உட்கார்ந்து, அடுக்கிய துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவருடைய சாவுக்குத் துக்கம் கொண்டாடுவது போலத்தான் அன்று அந்த மாடி இருந்தது. உயிரோடு இருப்பவருக்கு அப்படி அழுததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் உண்மையான அலுவலகத்திலிருந்து உண்மையான ஆட்கள் வந்தார்கள். குளிர் அதிகமான ஒரு தேசத்துக்குத் தாயும் மகளும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சின்ன நாட்டுக்கு எங்கள் மண்டிச் சரக்கு போவதும் அதோடு நின்றது. எங்களுக்குத் தெரிந்த அந்த வியாபாரி என்ன ஆனார் என்பதை அப்பா விசாரித்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. அம்மா என்னோடு கரமனையில் இருக்கிறாள். ஆரியசாலை வீட்டை வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்த மூன்று மாடிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். கீழே செல்போன் உதிரி பாகங்கள் விற்கிறார்கள். சுமட்டுக்காரர்கள் நின்றிருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அந்த நாட்டில் ஆட்சியும் மாறி, மாறிய ஆட்சியும் மாறிவிட்டது. ஆஸ்பத்திரி லாட்ஜுகளில் அங்கிருந்து வருகிறவர்கள் மட்டும் இன்னும் வந்து தங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற வருஷம் ஹவ்வா வந்தாள். நரை விழத் தொடங்கிய தலையோடு, பத்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றவள், என்னைக் கண்டதும் "ஏட்டி கோமு" என்றாள். அத்தனை வருஷம் பேச ஆள் இல்லாமலே எங்கள் வீட்டுத் தமிழை அவள் வைத்திருந்தாள். காரில் போகும்போதுதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். சிறையில் பல வருஷம் வைத்திருந்துவிட்டு விட்டார்களாம். ஊரை விட்டுப் போகக்கூடாது என்று தடை. தொலைபேசியில் எப்போதாவது பேசுவாராம், ஒட்டுக் கேட்பவர்கள் இருந்ததால் சாப்பிட்டாயா, குளிராக இருக்கிறதா என்பதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டாராம். கடைசிவரை அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது அவள் அம்மாவும் உயிரோடு இல்லை.

"இப்பவும் பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப யாரு என்னைத் தேடப் போறா?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "தெரியல கோமு. போன வருசம் ஒரு கூட்டத்துல வாப்பாவைப் பத்திப் பேசினேன். மறுநாளே வீட்டு வாசல்ல ஒரு கார் வந்து நின்னுது. ரெண்டு நாள் நின்னுது. ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னுது" என்றாள்.

விழிஞ்ஞத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். புதுத் துறைமுகத்தின் நீலக் கிரேன்கள் வானத்தில் நின்றன; பையன் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. கையில் ஆஸ்பத்திரிப் பட்டை கட்டிய கிழவர் ஒருவர், பேரனுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஏதோ கதை சொன்னார். அந்த மொழியின் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது, ஆனால் அதன் ஓசை தெரியும். ஹவ்வா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிழவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அவள் உதட்டோரம் சிரிப்பு வந்து, உடனே அடங்கியது.

பையன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவின் கையைத் தொட்டு, தனக்குத் தெரிந்த ஒரே மொழியான ஆங்கிலத்தில், அவர்கள் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று கேட்டான்.

ஹவ்வா தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் குடித்தாள். தெரியவில்லையே என்றாள்.